அம்மம்மாவை அழச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 23 வயது. முள்ளியவளையில் இருக்கிறேன். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போனில் இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். இரண்டாவது 12 நிமிடம். 2009இல் காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றியது. என் அம்மம்மாதான் நடித்தார். ட்ரோன் வாடகைக்கு எடுத்து நந்திக்கடலை மேலிருந்து எடுத்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு திரையிடலில் காட்டினோம். எல்லோரும் கை தட்டினார்கள். "நல்ல முயற்சி" என்றார்கள். வீட்டுக்கு வந்து தனியே போட்டுப் பார்த்தபோது அதில் உயிர் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

நல்ல கமரா வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். சென்னைக்குப் போய்ப் படி என்கிறார் மாமா. வீட்டில் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு அரசாங்க வேலைக்கு முயற்சி செய் என்கிறார்கள். வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கலையைப் பழக முடியுமா? எப்படிப் பழகுவது? வன்னிக்காரி என்றால் யுத்தத்தைத்தான் எடுக்க வேண்டுமா? படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புத் தங்கச்சி,

உங்கள் படத்தை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஏழாவது நிமிடத்தில் அம்மம்மா மகனின் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். நீங்கள் "ஸ்டார்ட்" சொல்வதற்காகக் காத்திருக்கிறார் போல. அந்த இடைவெளியில் அவருடைய பெருவிரல் சேலைத் தலைப்பைப் பிடித்து, படத்தின் கண்ணாடியில் இருந்த தூசியை ஓரமாகத் துடைக்கிறது. இரண்டு செக்கன்தான். அது நடிப்பில்லை. எத்தனை வருடமாக அந்தக் கை அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கும் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குள் நீங்கள் ட்ரோனுக்குப் போய்விட்டீர்கள். வயலின் வந்துவிட்டது.

உங்கள் படத்தில் உயிர் இருக்கிறது. அந்த இரண்டு செக்கனில் இருக்கிறது. மற்ற இடங்களில் நீங்கள் பார்த்த வேறு படங்கள்தான் இருக்கின்றன.

அம்மம்மாவை அழச் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையில் படத்துடன் அழும் தாயை நாங்கள் எல்லோரும் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு, அந்தத் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து எல்லாக் கமராக்களும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தைத்தான் எடுக்கின்றன. அவர்களுடைய கண்ணீர் உண்மை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா அன்று காலையில் எத்தனை மணிக்கு எழும்பினார், ஆட்டை யாரிடம் விட்டுவிட்டு வந்தார், பஸ்ஸில் அந்தப் படம் கசங்காமல் இருக்க எதற்குள் வைத்துக் கொண்டுவந்தார் என்று எந்தக் கமராவும் பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் பார்க்கலாம்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மீள்குடியேற்றம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கதை வசனம் நான். நெடுநாளைக்குப் பிறகு தன் வளவுக்குத் திரும்பி வரும் ஒரு முதியவர், கிணற்றடியில் நின்று பேசுவதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல தமிழ்தான். அப்போது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நடிக்க வந்தவர் அந்த ஊர் ஐயா ஒருவர். அவரே அப்படித் திரும்பி வந்தவர். பிள்ளைகள் கமராவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் சும்மா கிணற்றடிக்கு நடந்து போனார். கிணற்றுக் கட்டின் மேல் கயிறு பட்டுத் தேய்ந்த தழும்பைத் தடவினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், கையை மேலே தூக்கினார். கயிற்றைப் பிடிக்க. அங்கே கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. ஊரில் இரும்பு என்று இருந்த எல்லாமே போயிருந்ததல்லவா. கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

கமரா ஓடவில்லை. "ஐயா, இன்னொருக்கா அப்படிச் செய்யுங்கோ" என்று கேட்டோம். செய்தார். ஆனால் இந்த முறை கப்பி இல்லை என்பது அவருக்குத் தெரியும். கை வெறும் கையாகப் போய் வந்தது. கடைசியில் நான் எழுதிய வசனத்தைத்தான் எடுத்தோம். அந்தப் படத்தை இன்று ஒருவருக்கும் நினைவில்லை. ஐயாவின் கை மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. எங்கள் ஆட்களின் துக்கம் அவர்கள் பேசுகிற பேச்சில் இருப்பதை விட அவர்கள் செய்கிற வேலையில் இருக்கிறது. சந்தோசமும் அப்படித்தான். அதனால் நீங்கள் கேட்ட "எப்படிப் பழகுவது" என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பதில். அடுத்த ஒரு வருடத்துக்குக் கதை எடுக்காதீர்கள். வேலையை எடுங்கள். ஒரு மனிதர், ஒரு வேலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. வசனம் வேண்டாம், இசை வேண்டாம்.

கிடுகு பின்னுவதையே எடுத்துக்கொள்வோம். பார்த்துப் பழகிய வேலை, என்ன இருக்கிறது என்று தோன்றும். போனைப் பிடித்தவுடன் கேள்விகள் தொடங்கும். எங்கே ஆரம்பிப்பது? ஓலையைப் பிளக்கும்போதா, தண்ணீரில் ஊறப்போடும்போதா, ஓலை மரத்திலிருந்து விழும்போதா? பின்னுகிறவரின் விரலையா எடுப்பது, முகத்தையா? அவர் விரலைப் பார்க்காமலே பின்னுகிறார், கண் வேறெங்கோ இருக்கிறது. எங்கே பார்க்கிறார்? அதை அடுத்த ஷொட்டாக வைத்தால் என்ன ஆகும்? வீதியைப் பார்க்கிறார் என்று காட்டினால் அது காத்திருப்பு. அடுப்பைப் பார்க்கிறார் என்று காட்டினால் அவசரம். கிடுகு அதே கிடுகுதான். எடிட்டிங் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது என்று நினைக்கிறேன். 40 நிமிடம் எடுத்து 3 நிமிடமாக வெட்டுங்கள். வெட்டும்போது எதை எறிய மனம் வரவில்லை என்று பாருங்கள். உங்கள் ரசனை அங்கேதான் இருக்கிறது.

கிடுகு முடிந்தால் கரையில் வலை பொத்துகிறவர். பிறகு சூடடிப்பு. பிறகு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் பானை கழுவுகிறவர்கள். திருவிழாவை எடுக்காதீர்கள், அதை எல்லோரும் எடுக்கிறார்கள். பானை கழுவுவதை எடுங்கள். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970இல் எடுத்த முதல் குறும்படத்தில் கதை என்று இருப்பது இவ்வளவுதான்: பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஒரு சிறுவன், ஒழுங்கையில் ஒரு நாய், பயம். பத்து நிமிடத்துக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் ஒழுங்கைகளில் நாய்க்கா பஞ்சம்.

இன்னொரு பயிற்சி வங்காள இயக்குநர் சத்யஜித் ராயுடையது. ஒரு நாவலைப் படமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், தானே அதற்கு ஒரு திரைக்கதை எழுதி வைப்பாராம். படம் வந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அப்போது அவர் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். உங்களுக்கும் கடை முடிந்து வந்து அரை மணி நேரம் இருக்கும். ஒரு நல்ல சிறுகதையை எடுத்து ஷொட் ஷொட்டாகக் கொப்பியில் எழுதுங்கள், கோடாகக் கீறுங்கள். படம் கீற வராது என்றால் குச்சி மனிதர் போதும்.

ராய் தன் முதல் படத்தை விடுமுறை நாட்களில்தான் எடுக்கத் தொடங்கினார். 1952இல் வெள்ளை நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூப்புக்கு ஒரு வருடம் காத்திருந்தார். இது வன்னிக்காரருக்குப் புரியாத கதையா? காலபோக அரிவு வெட்டைத் தவறவிட்டால் அடுத்த மாசிக்குத்தான். அதனால் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் குறித்து வையுங்கள்: எப்போது குளம் வான் பாயும், எப்போது பாலைப்பழம் பழுக்கும், எப்போது நெல்லுக் காயப்போடும் வீதி மஞ்சளாக இருக்கும். அந்தக் கொப்பி எந்தக் கமராவை விடவும் உங்களுக்கு உதவும்.

வெளிச்சம். உங்கள் படத்தின் பாதி நடுப்பகலில் எடுத்தது. சித்திரையிலும் ஆவணியிலும் எங்கள் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண் இருக்கும் இடம் குழியாக இருண்டுவிடும். அம்மம்மாவின் முகம் எங்களுக்குத் தெரியவே இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் எடுங்கள். இல்லாவிட்டால் அவரைத் தாழ்வாரத்தில் இருத்தி, முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் படும்படி வையுங்கள். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா யன்னல் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டே எத்தனை முகங்களைக் காட்டினார் என்று அவருடைய படங்களைச் சத்தமில்லாமல் பாருங்கள். இரவுக் காட்சியில் உங்கள் பல்ப் மினுங்குகிறது. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அதைத் தெரிவு செய்ய இடம் தருகிற ஆப்கள் இருக்கின்றன.

சத்தத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இப்போதைக்குக் கொஞ்சம். சோளகக் காற்று போன் மைக்கில் அடித்தால் ஒன்றும் கேட்காது. சின்னக் கொலர் மைக் ஒன்று வாங்குங்கள், காசு செலவழிப்பதென்றால் முதலில் அதற்கு. எந்த இடத்தில் எடுத்தாலும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். தூரத்தில் லான்மாஸ்ரர் உழவு மெஷின், செண்பகம், எங்கோ தண்ணி மெஷின். வயலின் செய்ய முடியாததை அது செய்யும்.

பேச்சு. அம்மம்மா உங்கள் படத்தில் "அவன் நிச்சயம் வருவான், என் மனம் சொல்கிறது" என்கிறார். வீட்டில் அவர் அப்படியா பேசுவார்? "வாறனெண்டுதானே சொல்லிப்போட்டுப் போனவன்" என்று சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லியிருப்பார், உங்கள் முகத்தைப் பார்க்காமல். வசனத்தைக் கையில் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லாதீர்கள். வேலையைக் கொடுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தன் பாட்டில் பேசும்.

சென்னை, கமரா, அரசாங்க வேலை. பாலு மகேந்திரா புனே போய்ப் படித்தவர், ராய் திரைப்படப் பள்ளிக்கே போகாதவர். இரண்டு விதமாகவும் நடக்கிறது. வாய்ப்பு வந்தால் போங்கள். ஆனால் போகுமுன் பத்து வேலைகளை எடுத்து முடித்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் அங்கே கேட்பதற்கு உங்களிடம் கேள்வி இருக்கும். கமரா இப்போது வேண்டாம். கடைக் கணக்கை விடாதீர்கள். அது உங்களை யாரிடமும் கை நீட்டாமல் வைத்திருக்கும்.

யுத்தத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்றால், எடுக்கவேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எடுக்கக் கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் பிட்டு அவிப்பதை எடுத்தாலும், பிட்டுக் குழல் எந்த இடப்பெயர்வில் எப்படித் தப்பி வந்தது என்று அம்மம்மா ஒரு சொல் சொல்வார். அப்போது கமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மம்மா அரிசி புடைக்கும்போது தாழ்வாரத்தில் ஒரு பலகையில் போனை வைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருந்து கல்லுப் பொறுக்குங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். எடுத்ததை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள், முழுவதையும் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா