பைபாஸ் சத்திரசிகிச்சையில் பாரிசவாதம் வருமா?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். ஐயாவுக்கு 67 வயது. நீரிழிவும் பிரஷரும் உண்டு. இதயத்தின் மூன்று நாடிகளில் அடைப்பு இருப்பதால் பைபாஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாரிசவாதம் வந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது ஒருநாள் அவருக்கு வாய் கோணி, கை சோர்ந்து, சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆபத்தைக் குறைக்க நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உறவினர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அளவு மிகை. பைபாஸ் செய்துகொள்ளும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்கே பாரிசவாதம் ஏற்படுகிறது. மூளைக்கு முன்னர் இரத்தம் தடைப்பட்டவர்களுக்கு இது கூடும் என்பதால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய செட்டிகுளத்துச் சம்பவமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிளினிக் கொப்பியில் அது பதிவாகியிருக்க வாய்ப்புக் குறைவு (அக்காலத்துக் கொப்பிகள் எத்தனை வீடுகளில் எஞ்சியிருக்கின்றன?). எந்தக் கை, பேச்சுக் குழறியதா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து வைத்தியரிடமும் கொடுங்கள். அதைப் பார்த்தால் கழுத்து நாடிகளை ஸ்கான் செய்வார்கள். அங்கே அடைப்புத் தெரிந்தாலும் உடனே கழுத்திலும் ஒப்பரேசன் என்று பொருளில்லை. கடந்த ஆறு மாதங்களுக்குள் அறிகுறி காட்டிய நாடி என்றால்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சு எழும்.

சத்திரசிகிச்சை நடக்கும்போதே வரும் பாரிசவாதத்துக்குப் பெரும்பாலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியே மூலம். நமது கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் உள்ளே சுண்ணாம்பு படிவதுபோல, வயதோடும் நீரிழிவோடும் அதன் உட்சுவரில் கொழுப்பும் கல்சியமும் படிகின்றன. இதயத்தை நிறுத்தி வைக்கும்போது அதன் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாயைச் செருகும்போதும் பெருநாடியைக் கவ்வியால் இறுக்கும்போதும் அந்தப் படிவு பெயர்ந்து மூளைக்கு ஓடிவிடலாம். நெஞ்சைத் திறந்தபின் பெருநாடியின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பதைவிட நம்பகமானது. படிவு மிகுந்திருந்தால், துடிக்கும் இதயத்திலேயே, நெஞ்சின் உள்நாடிகளைக் கொண்டு, பெருநாடியைத் தொடாமல் இணைக்கும் முறையும் உண்டு. அதற்குப் பழகிய கை வேண்டும், ஆகவே அந்த முறைதான் வேண்டும் என்று வற்புறுத்தாமல், “பெருநாடியை எப்படிப் பார்ப்பீர்கள், படிவு இருந்தால் என்ன திட்டம்?” என்று கேளுங்கள்.

அஸ்பிரினையும் கொழுப்புக் குளிசையையும் தாமாக நிறுத்தக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் வழமையாக ஐந்து நாட்களுக்கு முன் நிறுத்தப்படும். அதுவும் வைத்தியர் சொன்ன நாளில்தான். சுருட்டு இருந்தால் இன்றே விடவேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாக இரண்டாம் நாள் தொடக்கம் நான்காம் நாள் வரை, பலருக்கு இதயத்துடிப்புத் தாறுமாறாகும்; அப்போது இதயத்தினுள் உறையும் இரத்தம் மூளைக்குச் செல்லக்கூடும். ஐயா ஏற்கெனவே பீற்றா தடுப்பு மருந்து (இதயத்துடிப்பை மட்டுப்படுத்துவது) எடுப்பவரானால், வைத்தியரின் சொற்படி அதை இடைவிடாமல் தொடர்வது இந்த ஆபத்தைக் குறைக்கும்.

வன்னியில் உள்ளவர்களிடம் நான் தவறாமல் கேட்பது ஒன்று: உடம்பில் போரில் பாய்ந்த செல் துண்டு இருக்கிறதா? சீ.ரி. ஸ்கானுக்கு அது தடையில்லை; மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க நேர்ந்தால், அதன் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும் என்பதால், துண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

வீடு திரும்பியபின் முகம் கோணினாலோ, கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தோடு பைபாஸ் செய்த திகதியையும் சொல்லுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அவ்விரண்டையும் வைத்தே தீர்மானிப்பார்கள்.