கண்புரை ஆபரேஷனுக்கு முன்: கிருமி பற்றிய கேள்விகள்

மயிலாப்பூரிலிருந்து: அம்மாவுக்கு வியாழக்கிழமை கண்புரை ஆபரேஷன். ஆன்டிபயாடிக் சொட்டு நேற்று ஒரு வேளை விட்டுப்போச்சு. தள்ளிப்போடணுமா சார்?

பதில்: வேண்டாம்மா. ஈடுகட்ட இரட்டிப்பாகவும் விடாதீங்க. கண்ணுக்குள் சீழ் பிடிக்க வைப்பது பெரும்பாலும் நம் இமை ஓரத்திலேயே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான். அதை அடக்குவதில் சொட்டைவிட, ஆபரேஷனுக்கு முன் போடும் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத்தான் நம்பலாம்: இமைத் தோலுக்கு 10 சதவீதம், கண்ணின் மேற்பரப்புக்கு 5 சதவீதம். விட்டதும் கழுவினால் வீண். 3 நிமிடமாவது நிற்கணும். மரத்துப்போகும் ஜெல்லை முதலில் போட்டால் அது படலமாகப் படிந்து அயோடினைத் தடுக்கும். மரப்புச் சொட்டு, அயோடின், அப்புறம்தான் ஜெல். முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் வைப்பதும் உண்டு. செஃபுராக்சிம் என்றால் 0.1 மி.லி.யில் 1 மி.கி.

காசிமேடு: அப்பாவுக்கு இறால் சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிக்கும். அயோடின் ஆகுமா?

பதில்: ஆகும். இறாலில் ஒத்துக்காதது அதன் புரதம், அயோடின் இல்லை. போவிடோன் பட்டே முன்பு தோல் கொப்பளித்திருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லுங்க. அதற்குப் பதிலாக, கண்ணுக்கு ஏற்ற நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இருக்கு. அதிலேயே ஸ்பிரிட் கலந்தது கருவிழியைப் பொசுக்கிவிடும்.

பெரம்பூர்: இமைமயிர் வேரில் பொடுகு மாதிரி செதில். முடியை வெட்டிடலாமா?

பதில்: வெட்டாதீங்க, பலன் இல்லை. தியேட்டரில் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி முடியை அதற்கடியில் மடக்கிவிடுவாங்க. செதில் இருப்பது இமை அழற்சி. ஆபரேஷனை இரண்டு, மூன்று வாரம் தள்ளினாலும் பரவாயில்லை. தினம் இருவேளை, சூடு தாங்கும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 நிமிடம் வையுங்க. இமை ஓரத்தில் அடைத்த எண்ணெய் அப்போதுதான் இளகும். மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் நீவி, இமை துடைக்கும் வைப்ஸால் மயிர் வேரோரமாகத் துடைக்கணும். கண்ணுக்குக் கண் புது வைப்ஸ். துடைப்பது விழியை இல்லை, வேரை. பலர் தவறுவது இங்கேதான்.

வியாசர்பாடி: மூக்கோரம் அமுக்கினா சளி மாதிரி வருது.

பதில்: கண்ணீர்ப்பை அடைப்பு. முதலில் அதைச் சரிசெய்யணும், புரை காத்திருக்கும்.

தி.நகர்: பேரனுக்கு மெட்ராஸ் ஐ. எனக்கு இன்னும் வரலை.

பதில்: உடனே டாக்டரிடம் சொல்லிடுங்க. கண் சிவந்தால் தேதி மாறும். துண்டு, தலையணை தனி. முந்தின நாள் தலைக்குக் குளிச்சிடுங்க. எண்ணெயும் மையும் வேண்டாம்.