மோட்டார்ஹோம் வீட்டில் ஓடுகிறது, வெளியூரில் ட்ரிப் ஆகிறது: பழுது எங்கே?

நீங்கள் கேட்டது இது: பெங்களூரில் வீட்டு வாசலில் பிளக் போட்டால் மோட்டார்ஹோமில் ஏ.சி., கெய்சர் எல்லாம் ஓடுகிறது. சக்லேஷ்பூர் ஹோம்ஸ்டேயில் போட்டவுடனே அவர்கள் போர்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற சுவிட்ச்) விழுகிறது. அவர்கள் லைன்தான் மோசமா?

பெரும்பாலும் இல்லை. பழுது உங்கள் வண்டியில் இருக்கிறது. ஹோம்ஸ்டேயில் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் இருப்பதால் அது தெரிகிறது. உங்கள் வாசல் பாயிண்டில் இரண்டில் ஒன்று இல்லை என்பது என் கணிப்பு. அதனால் நான் பயப்படுவது ஹோம்ஸ்டேயைப் பற்றி அல்ல, உங்கள் வாசலைப் பற்றி.

நான் அல்சூரில் எலெக்ட்ரிகல் வேலை செய்கிறேன். ஷூட்டிங் கேரவன், டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டி என்று நிறைய வயரிங் பார்த்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் பானஸ்வாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டது. காலையில் வாசல் தெளித்துவிட்டு, ஈரக்காலோடு வண்டிக் கதவைப் பிடித்த பாட்டிக்கு ஷாக். "தம்பி, சுள்ளுனு இழுக்குது. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுன்னு பையன் சொல்றான்" என்றார். ஈரத் தரையில் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் வண்டி பாடிக்கும் இடையே மீட்டர் வைத்தேன். 97 வோல்ட்.

பிளக்கைத் திருகிப் பார்த்தேன். பச்சை எர்த் வயரை ஒட்ட நறுக்கி, கறுப்பு டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தது. விசாரித்தால், வழியில் ஒரு ரிசார்ட்டில் ட்ரிப் ஆகியிருக்கிறது. யாரோ ஒருவர் வந்து எர்த்தை வெட்டிவிட்டு, "சரியாயிடுச்சு, போங்க" என்று அனுப்பியிருக்கிறார். ட்ரிப் ஆவது உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனால் கசிகிற கரண்ட் எங்கே போகும்? டயர் ரப்பர், அதனால் வண்டிக்கும் தரைக்கும் தொடர்பில்லை. பாடி முழுக்கக் கரண்ட் ஏறி, ஈரக்காலோடு யார் தொடுவார்கள் என்று நிற்கும். உங்களுக்கும் இதே யோசனையை யாராவது சொல்வார்கள். எர்த் வயரில் தயவுசெய்து கை வைக்க விடாதீர்கள்.

அந்த வண்டியில் குற்றவாளி கெய்சர். போர்வெல் தண்ணீரில் எலிமெண்ட் மேல் உப்பு கெட்டியாகப் படிந்து, உறை விரிசல் விட்டிருந்தது. பெங்களூரில் டேங்கர், போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது கெய்சரில்தான். அடுத்தது வண்டிக்கு வெளியே கேபிளைச் செருகுகிற இன்லெட் சாக்கெட். மூடி சரியாக உட்காராமல் மழைத்தண்ணீர் இறங்கி, பின்னுக்கு நடுவே பச்சைக் களிம்பு படிந்திருக்கும்.

சரி, உங்கள் வண்டியில் எப்படித் தேடுவது? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளக் வெளியே இருந்தாலும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் உள்ளே இருக்கும். வண்டியின் மெயின் சுவிட்ச், எம்.சி.பி. (லோடு அதிகமானால் விழுகிற சுவிட்ச்) எல்லாம் ஆனில் இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கேபிளின் பிளக் பின்களிலேயே ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் திறந்திருப்பதாக, அதாவது தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம்ஸோ அதற்கும் குறைவோ காட்டினால் ஒவ்வொரு சாதனமாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு எகிறுகிறதோ அதுதான். மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியாவிட்டால் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வேண்டும். சார்ஜர் மாதிரி எலெக்ட்ரானிக்ஸைப் பிரித்துவிட்டுத்தான் மெக்கர் போட வேண்டும். ஒரு மெகாஓம்ஸுக்குக் கீழே வந்தால் நான் அந்த லைனை ஓட விடமாட்டேன்.

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்தும் ட்ரிப் ஆகிறதா? குழம்ப வேண்டாம், அது நல்ல துப்பு. சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொடர்ந்து ஓடும். கேபிளும் இன்லெட் சாக்கெட்டும் சுத்தமாக இருந்தால், உள்ளே எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். பல சமயம் அது இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும். பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கிற ரிலே ஒன்று சில இன்வெர்ட்டர்களில் உண்டு. வெளி கரண்ட் வந்ததும் அது பிரிய வேண்டும். பிரியாவிட்டால் வெளியே இருக்கிற ஆர்.சி.சி.பி. விழத்தான் செய்யும்.

இன்னொன்று, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சரியாக 30-ல்தான் விழும் என்றில்லை. 15-ஐத் தாண்டினாலே விழலாம். சார்ஜர், டி.வி., அடாப்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். ஹோம்ஸ்டேயில் அவர்கள் ஃபிரிட்ஜும் அதே ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் கணக்கு சேர்ந்துவிடும். வண்டி மெக்கரில் சுத்தமாக வந்தால் மட்டும் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

கேபிளுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் போடுங்கள். சுருளாக வைத்து ஓட்டினால் சூடேறும், முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். ஏ.சி. மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் முனகினால் அது எர்த் விஷயமே இல்லை, பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு.

அப்புறம் உங்கள் வாசல் பாயிண்ட். ஃபேஸ்–நியூட்ரல் 230 காட்டினால் போதாது. ஃபேஸ்–எர்த்தும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும், நியூட்ரல்–எர்த் ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டெஸ்டர் எரிவதை வைத்து எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பு போட்டுப் பார்க்கிற சோதனையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் அறுந்திருந்தால் அந்த நேரத்தில் வீட்டு ஃபிரிட்ஜ் பாடியில்கூடக் கரண்ட் ஏறும். வாசல் பாயிண்டுக்குத் தனியாக ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். அதுவரை, எல்லாம் நன்றாக ஓடுகிறதே என்று அந்த வாசலில் வண்டியை பிளக் போடாதீர்கள்.