மைனஸ் நாற்பதில் வண்டி ஓட்டலாமா?

கேள்வி: ஜனவரியில் அலாஸ்கா நெடுஞ்சாலையில் காரில் போகப்போகிறோம். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பதில்: வண்டி நின்றுபோவதற்குத்தான். அந்த நெடுஞ்சாலை போகும் கனடாவின் யூகான் பகுதியில், ஸ்னாக் என்ற இடத்தில் 1947-ல் மைனஸ் 63 டிகிரி பதிவானது. அந்தப் பக்கம்தான் போகிறீர்கள். யூகானில் உள்ள ஒயிட்ஹார்ஸ் நகரில் ஒரு ராத்திரி, நிறுத்திய வண்டியின் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்சார ஹீட்டரின் பிளக்கைச் செருக மறந்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே அறை எடுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். வழியில் செல்போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. ஸ்லீப்பிங் பேக் கைக்கெட்டும் சீட்டிலேயே இருக்கட்டும். வண்டி நின்றால் தயவுசெய்து இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை ஓடவிடுவதற்கு முன்னால் புகைக்குழாயை அடைத்த பனியைத் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும்.