பின்தோட்டத்தில் ஒரு திண்ணைச் சுவர்

தம்பி, பாலக்கோட்டிலிருந்து இங்கிலாந்து வந்து முதல் வீடு வாங்கியிருக்கிறீர்கள். ஜூலையில் வரும் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் உட்கார ஒரு சின்னச் செங்கல் சுவர் நீங்களே கட்டலாமா, ஊரில் கட்டுவதுபோலவே கட்டினால் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகக் கட்டுங்கள். நான் காவேரிப்பட்டணம். எங்கள் வீட்டுக் கருங்கல் திண்ணை ஞாபகத்தில், வந்த இரண்டாம் வருடமே நானும் கட்டினேன். ஆனால் நவம்பரில் ஆரம்பித்துவிட்டேன். கலவை இறுகுவதற்குள் ராத்திரி உறைந்துபோய், காலையில் விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. மேல் வரிகளைப் பிரித்துத் திரும்பக் கட்டும்படி ஆயிற்று. 3 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் கரணையைத் தொடவே வேண்டாம். மே மாதம் நல்ல நேரம்.

நம் மேஸ்திரிகள் செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்கள், இல்லையா? சூளைக்கல் அப்படித் தண்ணீர் குடிக்கும். இங்கே கிடைக்கும் கல் பெரும்பாலும் அவ்வளவு குடிக்காது. ஊறவைத்தால் கலவைமேல் நிற்காமல் வழுக்கும். அப்புறம், விலையை மட்டும் பார்த்துக் கல் வாங்காதீர்கள். உறைபனி தாங்கும் 'எஃப்2' ரகமா என்று கேளுங்கள். கல்லுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்தால் பருக்கும். தாங்காத கல்லின் முகம் இரண்டு குளிர்காலத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

களிமண் தோட்டமாக இருந்தால் கடைக்கால் 45 சென்டிமீட்டர் ஆழமாவது போகட்டும். அடியில் 20 சென்டிமீட்டர் கான்கிரீட், அதன்மேல் மண்ணுக்குள் மூன்று வரி, வெளியே ஐந்து வரி. ஒரு கல் கனத்தில் (கல்லின் நீளம்தான் சுவரின் கனம்) 3 மீட்டர் நீளத்துக்கு, உடைசலையும் சேர்த்து 230 கல் வாங்குங்கள். கலவை ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு கட்டுமான மணல். இவ்வளவு தாழ்ந்த சுவருக்குக் கவுன்சில் அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது.

சுவரின் ஆயுள் மேலே வைக்கும் பலகைக் கல்லில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நீட்டலின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சின்னப் பள்ளக் கோடு) இருக்கிற கல்லாக வாங்கிப் போடுங்கள். மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் காடியிலேயே சொட்டி விழுந்துவிடும். ஊரில் வெயிலுக்காகச் சாக்கை நனைத்துப் போர்த்துவோம். இங்கே முதல் சில ராத்திரிகள் காய்ந்த சாக்கு போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள்.

ஐந்து வரியும் பலகையும் சேர்ந்தால் 43, 44 சென்டிமீட்டர் உயரம் வரும். அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் இன்னொரு வரி ஏற்றுங்கள், எழுந்திருக்கச் சுலபமாக இருக்கும். ஃபோனில் அவரிடமே கேட்டுவிட்டுக் கல் வாங்கப் போங்கள்.