கோடு போடும் முன் இத்தனை கேள்வி எதற்கு?

கேள்வி: கோவையில் 30க்கு 40 அடி மனை வாங்கியிருக்கிறோம், மேற்குப் பார்த்தது. கீழும் மேலுமாக வீடு கட்ட எண்ணம். கான்ட்ராக்டர் ஒருவர், வேலையைத் தனக்குக் கொடுத்தால் பிளான் இலவசம் என்கிறார். இரண்டே பேர் நடத்தும் சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கும் போனோம். இரண்டு மணி நேரம் கேள்விதான் கேட்டார்கள். அம்மா (வயது 68) துணி எங்கே காயப்போடுவார், பீரோ எத்தனை, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்றெல்லாம். ஒரு கோடுகூடப் போடவில்லை. 3டி படம் கேட்டால் ‘அப்புறம்’ என்கிறார்கள். இவர்களுக்குத் தனியாக ஃபீஸ் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. அவர்கள் கேட்ட கேள்விகள் வரைபடத்தில் எங்கே போய் உட்காரும் என்று பார்த்தால் காரணம் உங்களுக்கே புரியும்.

முதலில் துணி. அம்மா மொட்டை மாடியில் காயப்போடுகிறவர் என்றால், ஈரத்துணி வாளியோடு தினமும் படி ஏறுவார். கீழ்த்தரையிலிருந்து மாடித்தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் உயரம் ஏழரை அங்குலம் என்றால் 16 படியில் ஏறிவிடலாம். ஆறு அங்குலம் என்றால் 20 படி. முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த ஒன்றரை அங்குலம் பெரிய வித்தியாசம். ஆனால் நடுவில் திரும்பும் மாடிப்படியில் பக்கத்துக்கு இரண்டு படி கூடும். படியில் கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்றால், 20 அங்குல நீளம் கூடுதலாக வேண்டும். 1200 சதுர அடி மனையில் அந்த 20 அங்குலத்தை ஹாலிலிருந்தோ படுக்கையறையிலிருந்தோதான் எடுக்க வேண்டும். அறைகளை முதலில் பிரித்துவிட்டு மிச்ச இடத்தில் மாடிப்படியைச் செருகினால் எப்போதும் செங்குத்தாகத்தான் வரும். அப்படிப்பட்ட படிகளை நிறையப் பார்த்துவிட்டேன். கட்டி முடித்த பிறகு அதைத் திருத்த வழியே இல்லை.

பீரோவும் அப்படித்தான். சுவர் முழுக்க ஜன்னலும் கதவுமாக வைத்துவிட்டு, குடிவந்த அன்று பீரோவை ஜன்னலை மறைத்து நிறுத்திய வீடுகள் உண்டு.

நாலு மணி கேள்வி இருக்கிறதே, அது உங்கள் மனைக்கு உயிரான கேள்வி. மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் சாய்வாக வந்து விழும். உச்சி வெயிலை மறைக்கிற இரண்டடி சன்ஷேடு, நாலு மணி வெயிலுக்கு உதவாது. செங்கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடும். சரி, மேற்கை அடைத்துவிடலாமா என்றால், கோவையில் ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற நல்ல காற்றும் ஏறக்குறைய அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வெயில் வேண்டாம், காற்று வேண்டும். இரண்டும் ஒரே சுவரில். மாடிப்படியை மேற்கு ஓரத்துக்குக் கொண்டுவந்து, அதன் வெளிச்சுவரைச் செங்கல் ஜாலியாக, அதாவது இடையிடையே ஓட்டை விட்ட சுவராகக் கட்டுவது ஒரு வழி. வெயில் படிக்கட்டோடு நின்றுவிடும், காற்று உள்ளே வரும். வந்த காற்று வெளியே போகக் கிழக்கில் திறப்பும், சூடு மேலேறிப் போக, மொட்டை மாடியில் படி முடியும் இடத்து அறையான ஹெட்ரூமில் ஜன்னலும் வேண்டும். இதெல்லாம் ஒன்றோடொன்று கோத்த வேலை, எலிவேஷனை, அதாவது வீட்டின் முகப்புத் தோற்றத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் இதற்கு இடமே இருக்காது. 3டி படத்தை அவர்கள் தள்ளிப்போடுவது அதனால்தான்.

சின்ன அலுவலகத்தில் யோசிக்கிறவரே வரைவார், சைட்டுக்கும் வருவார். குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் அப்படித்தான் வேலை செய்தார். பெரிய அலுவலகம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், கட்டுமிடத்தில் கொத்தனாரோடு நின்று முடிவெடுத்தார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ரேட் ட்ராப்’ முறையை அவர் நிறையப் பயன்படுத்தினார். அதில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், சூடும் குறைவு. ஆனால் கொத்தனாருக்குப் பழக்கம் வேண்டும், பக்கத்தில் ஒருவர் நின்று காட்ட வேண்டும்.

இலவச பிளான் விஷயம். அதன் விலை சதுர அடி ரேட்டுக்குள் இருக்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது, கம்பியும் சிமென்ட்டும் சரியா என்று பார்ப்பவரும் அதைப் போட்டவரும் ஒரே ஆளாக இருப்பது. இன்னொன்று, அனுமதி வரைபடம் வேறு, சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான விவரமான ஒர்க்கிங் டிராயிங் வேறு. தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறையில் 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் அனுமதி சீக்கிரம் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தாளில் சுவிட்ச் எங்கே, பாத்ரூம் தரை எவ்வளவு இறக்கம் என்று இருக்காது. ஒர்க்கிங் டிராயிங் இல்லாவிட்டால் பூசிய சுவரைக் கொத்த வேண்டி வரும்.

சின்ன அலுவலகத்தில் சிக்கலும் உண்டு. இருப்பதே இரண்டு பேர். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் டிராயிங் தாமதமாகும், சைட்டில் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். எல்லா ஒர்க்கிங் டிராயிங்கும் கைக்கு வராமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டாம். கம்பிக் கணக்கு போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யார், அவர் ஃபீஸ் இதில் சேர்ந்ததா, சைட்டுக்கு எத்தனை தடவை வருவார்கள், எத்தனை மாற்றம் வரை கூடுதல் பணம் இல்லை என்பதை எழுதி வாங்குங்கள். ஃபீஸை வேலை நகர நகரக் கொடுங்கள். வாஸ்து பார்ப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். ‘சிஏ’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன், அவர்கள் கட்டி இரண்டு வருடமாவது ஆன வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேற்குச் சுவரை உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், அம்மாவை ஒரு தடவை மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் மழைக்கு எங்கேயாவது ஒழுகியதா, ஒழுகியபோது கூப்பிட்டால் வந்தார்களா என்று கேளுங்கள்.