ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்த்தால் வாடகை வீடு கிடைக்குமா? பிரிட்டன் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கிழக்கு லண்டனுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. கடன், வாடகைச் சிக்கலோடு வருகிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் தன்னார்வலராக உதவுகிறேன். எலெக்டோரல் ரோல், அதாவது ஓட்டுப் பட்டியல் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (லெஸ்டர்): அக்கா, செப்டம்பரில் மதுரையிலிருந்து ஸ்டூடன்ட் விசாவில் வந்தேன். கிரெடிட் ஸ்கோர் ஏற வேண்டுமென்றால் எலெக்டோரல் ரோலில் சேர் என்கிறான் நண்பன். நான் இந்தியக் குடிமகன். இந்த நாட்டில் எனக்கு ஏது ஓட்டு?

பதில்: இருக்கிறது தம்பி. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் பட்டியலில் சேரலாம், நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். சட்டம் கொடுத்த உரிமை என்பதால் விசாவுக்குப் பிரச்சினை வராது. அரசின் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. வேலைக்கும் வரிக்கும் கொடுக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதலாம். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், வேறு ஆவணம் கேட்கும். கவுன்சில் டாக்ஸ் என்ற குடியிருப்பு வரியைக் கட்டுகிறோமே, தானாகச் சேர்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது.

கேள்வி (குரோய்டன்): ஓட்டுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பெயரில் ஒருவர் இந்த முகவரியில் இருக்கிறாரா என்பதற்கு அரசு வைத்திருக்கும் ஏடு அது. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களும் முழுப் பட்டியலை வாங்கிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வங்கியும் வாடகை வீட்டு ஏஜென்டும் அவர்களிடம் கேட்டு ஆளையும் முகவரியையும் சரிபார்ப்பார்கள். விளம்பரக்காரர்கள் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பட்டியல் ஒன்று தனியாக உண்டு. அதிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிடுங்கள், கிரெடிட்டுக்கு அதனால் ஒரு குறையும் வராது. ஊரில் சிபில் ஸ்கோர் நன்றாக இருந்ததே என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பொதுவாக அது கூடவே வராது. இங்கே பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம். வெறுமையாக இருக்கும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் முதலில் விழக்கூடிய வரி இந்தப் பட்டியல் பதிவுதான்.

கேள்வி (வெம்ப்ளி): பட்டியலில் பெயர் இருக்கிறது என்று கவுன்சில் கடிதமே வந்துவிட்டது. கிரெடிட் ரிப்போர்ட்டோ இல்லை என்கிறது. ஏன்?

பதில்: எப்போது சேர்ந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். ரிப்போர்ட்டில் ஏற ஒன்றிரண்டு மாதம் ஆகும். இலையுதிர் காலத்தில் சேர்ந்திருந்தால் டிசம்பர் 1 அன்று வரும் புதிய பட்டியல் வரை காத்திருக்க நேரலாம்.

அதுவும் தாண்டிவிட்டது என்றால் பெயரைப் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். இங்கே படிவம் சர்நேம் கேட்கிறது. கவுன்சிலில் செல்வம் முருகேசன், வேலையிடத்தில் முருகேசன் செல்வம், வங்கியில் எம். செல்வம். நமக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். விசாவில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். மாறியிருந்தால் வங்கியில் சொல்லி மாற்றுங்கள்.

அப்புறம் முகவரி. என் முதல் வாடகை வீடு, ஒரு பழைய வீட்டை மூன்றாகப் பிரித்தது. என் கதவில் பித்தளையில் 'ஏ' என்று ஓர் எழுத்து. நானும் வங்கியில் ஃபிளாட் ஏ என்றே கொடுத்தேன். அடுத்த வீட்டுக்கு மனுப் போட்டபோது, முகவரி உறுதியாகவில்லை என்று ஏஜென்ட் திருப்பிவிட்டார். கவுன்சில் டாக்ஸ் பில்லையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: கவுன்சில் ஏட்டில் அந்த வீட்டின் பெயர் 'கிரவுண்ட் ஃப்ளோர் ஃபிளாட்'. ராயல் மெயில் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் வருகிற முகவரியை எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் கொடுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): தமிழ் வீடொன்றில் ஓர் அறையில் இருக்கிறேன். முழுநேர மாணவி. 'இந்த அட்ரஸில் பதிய வேண்டாம்' என்கிறார் வீட்டுக்கார அண்ணா. அவர் சொல்வதை மீறலாமா?

பதில்: இந்தக் கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பதிவுக்கு அவர் அனுமதி தேவையில்லை, தடுக்க அவருக்கு உரிமையும் இல்லை. பெரும்பாலும் காரணம் கவுன்சில் டாக்ஸ். தனியாக வசிப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. கவுன்சில்கள் அதை ஓட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

ஆனால் முழுநேர மாணவர்களை அந்தக் கணக்கில் ஆளாகவே எடுப்பதில்லை. வீட்டில் அவரையும் உங்களையும் தவிர வேறு யாரும் இல்லையென்றால், நீங்கள் பதிந்தாலும் அவர் தள்ளுபடி போகாது. பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்று கடிதம் வாங்கி அவர் கையில் கொடுத்துப் பேசிப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே சம்மதிப்பார்கள். நீங்கள் மாணவி இல்லை, வேலை பார்ப்பவர் என்றால் கதை வேறு. வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, நியாயமான அவகாசம் கொடுத்து வெளியேறச் சொல்லிவிடலாம். அதையும் யோசித்து முடிவெடுங்கள். வசிக்காத சித்தி வீட்டு முகவரியில் மட்டும் பதியாதீர்கள், பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்.

கேள்வி (ஹாரோ): பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் 2016இல் வந்த யாழ்ப்பாணத்தான் நான். தம்பி நோர்வே பாஸ்போர்ட். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உங்களுக்கு உண்டு ஐயா. 2020 முடிவதற்குள் வந்து, செட்டில்டு ஸ்டேட்டஸ் என்ற நிரந்தர வசிப்புரிமையோடு தொடர்ந்து இருந்தால் உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பதியலாம். பட்டியலில் பெயர் இருந்தால் போதும், கிரெடிட்டுக்கு எந்தத் தேர்தல் என்பது பொருட்டில்லை. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் இங்கிலாந்தில் தம்பிக்கு வழியில்லை. அவர் அந்த மூன்று கிரெடிட் நிறுவனங்களுக்கும் வசிப்பிடச் சான்று அனுப்பி, தனக்கு ஓட்டுரிமை இல்லை என்று 200 வார்த்தைக்குள் ஒரு குறிப்பை ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லலாம்.

கேள்வி (டூட்டிங்): பட்டியலில் இருந்தும் வீடு தர மறுத்துவிட்டார்கள். வாடகை 1,500 பவுண்ட், சம்பளம் 38,000.

பதில்: காரணம் சம்பளமாக இருக்கும். மாத வாடகையைப் போல 30 மடங்கு ஆண்டு வருமானம் வேண்டும் என்பது பல ஏஜென்ட்களின் கணக்கு. உங்களுக்கு 45,000 வேண்டும். பட்டியல் அதை ஈடுகட்டாது, ஜாமீன்தாரர் தேடுங்கள். ரைட் டு ரென்ட் சோதனை விசாவைப் பார்ப்பது, அது வேறு. உங்களைப் பற்றி விசாரிக்க ரெஃபரன்ஸ் கட்டணம் என்று இங்கிலாந்தில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், 2019 ஜூன் முதல் அது தடை.

கேள்வி (ரெடிங்): பதிந்தால் நீதிமன்ற ஜூரிக்குக் கூப்பிடுவார்களாமே? அப்புறம், வீடு மாறினால்?

பதில்: 13 வயதுக்குப் பிறகு இங்கே தொடர்ந்து 5 வருடம் வசித்தவர்களைத்தான் ஜூரிக்கு எடுப்பார்கள். வீடு மாறினால் பழைய பதிவு கூடவே வராது. புதுச் சாவி வாங்கிய வாரமே மறுபடி பதியுங்கள், அன்றே வங்கியிலும் முகவரியை மாற்றுங்கள்.